கண்ணாக் கரைக்கு நீரோட்டம் திறக்க உதவுங்கள்

ஊர் உறவுகளுக்கும் புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்க்கும் வணக்கம்.

வேலணைக் கரையில், பரவைக்கடலை (ஆழமற்ற கடனீரேரியை) ஒட்டி நிற்கும் ஏறத்தாழ ஆறு ஏக்கர் கண்ணாக் காடு (கண்ணா ஒருவகைக் கண்டல் மரம்) பட்டுக்கொண்டு வருகிறது. அதை மீட்கக் கடற்றொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் சனசமூக நிலையமும் சேர்ந்து அமைத்த குழு நாங்கள். முழு வேலைக்கும் 13 இலட்சத்து 14 ஆயிரம் ரூபா தேவை. கையில் 4 இலட்சத்து 20 ஆயிரம் இருக்கிறது. மிகுதி 8 இலட்சத்து 94 ஆயிரத்துக்காக உங்களிடம் வருகிறோம்.

இந்தக் காசில் ஒரு கன்றுகூட வாங்கப்போவதில்லை. கண்டல் மீட்பு என்றதும் கன்று நடுவதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாய்க்கால் வெட்டவும் குழாய் போடவும் வேலி அடைக்கவும் மூன்று வருடம் பராமரிக்கவுமே காசு.

காடு படுவதற்குக் காரணம், கரைக்குக் குறுக்கே கிரவல் கொட்டி உயர்த்திய பழைய பாதை. கடல்நீர் வந்துபோன மூன்று கழிகளையும் அது அடைத்துவிட்டது. மாரியில் பெய்த மழை வெளியேற வழியில்லாமல் மாசிவரை தேங்கி நிற்கிறது. கோடையில் அதே தண்ணீர் வற்றி, ஆவணியில் தரை வெள்ளையாய் உப்புப் பூக்கிறது. இரண்டுமே கண்ணாவுக்கு ஆகாது.

கண்ணா, அதாவது வெண்கண்டல், உப்பை நன்றாகத் தாங்கும் மரம். உறிஞ்சிய உப்பின் ஒரு பங்கை இலைச் சுரப்பிகளால் வெளியே தள்ளிவிடும். வெயில் நேரத்தில் ஓர் இலையைப் பிடுங்கி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஆனால் கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், அடைபட்டு வற்றும் குட்டையில் அது ஏறிக்கொண்டே போகும். முதிர்ந்த மரம் சில காலம் தாக்குப்பிடிக்கும். முளைதான் முதலில் கருகும். மேலே பச்சையாகத் தெரியும் இந்தக் காட்டின் அடியில் இளங்கன்று இல்லாதது அதனால்தான்.

தேங்கிய தண்ணீர் வேரில் அடிக்கிறது. சேற்றுக்குள் காற்றில்லை. அதனால் கண்ணா ஒரு சாண் உயரத்துக்கு விரல் விரலாக மூச்சுவேர்களை மேலே அனுப்பி, அவற்றின் நுண்துளைகளால் காற்றை வாங்குகிறது. நீர் வற்றும் நேரமே அது மூச்சு வாங்கும் நேரம். வாரக்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தால் அடிவேர் அழுகும். பட்ட மரத்தின் அடியில் களியைக் கிளறிப் பாருங்கள்: கறுத்துப்போய், அழுகிய முட்டை நாற்றம் வரும்.

நடாமல் எப்படிக் காடு வரும் என்று கேட்பவர்களுக்கு, இந்த மரம் பெருகும் விதத்தைச் சொல்ல வேண்டும். கண்ணாக் காய்க்குள் முளை மரத்திலேயே தயாராகிவிடுகிறது. விழுந்து நீரில் ஊறியதும் தோல் கழன்று, மடிந்த இரண்டு தடித்த வித்திலைகள் வெளிப்படும். மிதந்துபோய்க் கரை தட்டும் இடத்தில் வேர்முனையை ஒட்டிய வளைந்த மயிர்கள் சேற்றைக் கவ்வும். அதன்பின் சில நாள்கள் அலையும் நீரும் அதை அசைக்கக்கூடாது. அந்த நாள்களுக்குள் வேர் ஊன்றினால் கன்று, ஊன்றாவிட்டால் அடுத்த பெருக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே விதை உள்ளே வர நீர் ஏற வேண்டும், வந்த விதை பிடிக்க நீர் இறங்க வேண்டும். பக்கத்துக் கரையில் காய்க்கும் மரங்கள் நிறைய நிற்கின்றன. விதைக்குப் பஞ்சமில்லை, வழிக்குத்தான் பஞ்சம்.

நட்டவை என்ன ஆயின என்பதற்கு நாட்டிலேயே கணக்கு உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடுகை நடந்தும் 200 முதல் 220 ஹெக்டேயர்தான் தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. நீண்ட முளைக்காய் உள்ள கண்டல் வகையைச் சேற்றில் குத்துவது சுலபம் என்பதால், இடம் பொருந்துமா என்று பாராமல் அதையே நடுவார்கள். தாழ்ந்த இடத்தில் நட்டால் தண்டு முழுக்கக் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டிப் பாரத்தில் சாயும். அலையோடு வரும் சாதாளை (கடற்புல்) சுற்றி இழுத்து முறிக்கும். சாதாளைப் படுகையிலேயே கொண்டுபோய் நடுவது இன்னும் கேடு, அங்கே வளரும் மீனின் இருப்பிடமும் போய்விடும்.

எனவே இந்த வேலை தரையின் மட்டத்தில்தான் தங்கியிருக்கிறது. இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, கடனீரேரியின் உட்புறத்தில் அதிலும் குறைவு. இருபது சென்ரிமீற்றர் பிசகினால் காடு குளமாகும், அல்லது உப்புத்தரையாகும். பக்கத்தில் செழிப்பாய் நிற்கும் கண்ணாவின் அடிமட்டத்தை, மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் குழாயால் எடுத்து, அதையே எங்கள் அளவாக வைத்து அடையாளக் கட்டை அடிப்போம்.

பழைய கழிகளின் தடத்திலேயே மூன்று வாய்க்கால்கள், மொத்தம் 420 மீற்றர். மேலகலம் 2 மீற்றர், அடியகலம் 1 மீற்றர், ஆழம் அரை மீற்றர். 315 கனமீற்றர் மண். ஒவ்வொன்றும் கடலை நோக்கி 140 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் சரிய வேண்டும். இடையில் ஒரு பள்ளம் விழுந்தாலும் அங்கே உப்புநீர் தங்கும். பாதைக்கு அடியில் 600 மில்லிமீற்றர் கொங்கிறீற் குழாய்கள் ஆறு வரும். அவற்றின் அடி, வாய்க்கால் அடியோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பாதைக்கு வசதியென்று ஒரு சாண் உயர்த்தினால் அது குழாய் போட்ட அணை. இயந்திரம் குழாய் இறக்க மட்டுமே. மரங்களுக்குள் கையால்தான் வெட்டுவோம், ஏனெனில் வெட்டிய மண் மூச்சுவேரின் மேல் விழுந்தால் எஞ்சிய மரமும் மூச்சு முட்டிச் செத்துவிடும். மண்ணைக் கடகத்தில் சுமந்து பாதைக்கே கொண்டுவருவோம். குறுக்கே நீண்ட முளைக்காய்க் கண்டல் நின்றால் வாய்க்கால் வளைந்து போகும்: கண்ணா வெட்டினாலும் தளிர்க்கும், அந்தக் கண்டலின் தடித்த கொப்பு வெட்டினால் தளிர்க்காது. தரைப்பக்கம் தில்லை நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, வேலைக்கு வருபவர்கள் கண்ணாடி போடாமல் அதன் கிட்டப் போகக்கூடாது.

முதல் இரண்டு வருடம் ஆடும் மாடும் உள்ளே போகாமல் தரைப்பக்கம் 350 மீற்றர் வேலி வேண்டும். கிளுவைக் கதியால் இந்த உவரில் பிடிக்காது, முள்ளுக்கம்பி துருப்பிடிக்கும். 120 பனங்குற்றிகளும் மூன்று வரி நைலோன் கயிறும் போதும். வலை கட்டமாட்டோம், பறவையும் நண்டும் சிக்கும்.

இதனால் தொழிலுக்கு என்ன என்பது கரையோரத்தில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தூர இருப்பவர்களுக்காகச் சொல்கிறோம்: வெள்ளை இறால் கடலில் முட்டையிட்டாலும் குஞ்சு வளர்வது இப்படியான ஆழமற்ற கரைகளில். சேற்றுநண்டின் சினை நண்டும் கடலுக்குப் போய்த்தான் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் வேர்களுக்கிடையே திரும்பி வந்து வளரும். அடைபட்ட கழி அவற்றுக்கும் அடைபட்ட வாசல்.

கூலிக்கு 7 இலட்சம் (200 ஆள்நாள், நாளுக்கு 3,500), குழாய்க்கும் முகப்புச் சுவருக்கும் இறக்குகூலிக்கும் 3 இலட்சத்து 10 ஆயிரம், வேலிக்கு 1 இலட்சத்து 84 ஆயிரம், உவர்மானிக்கும் மூன்று வருடம் வண்டல் வாருவதற்கும் 1 இலட்சத்து 20 ஆயிரம். ஒரு மீற்றர் வாய்க்காலின் கூலி ஏறத்தாழ 1,700 ரூபா. பத்து மீற்றரை ஒரு குடும்பமாகவோ பழைய மாணவராகவோ பொறுப்பேற்கலாம். பனங்குற்றியாகத் தந்தாலும் வாங்குவோம். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் அவற்றை வேறு தரவையில் கட்டினால், அதுவும் பெரிய உதவி.

மழைக்கு முன், ஆவணியிலும் புரட்டாதியிலும் வெட்டி முடிக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கினால் களிக்குள் கால் வைக்க முடியாது. ஆகவே ஆடி முடிவதற்குள் பணம் வந்துசேர வேண்டும். பொருளாளரிடம் நேரில் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறலாம். குழுவின் வங்கிக் கணக்கு விபரமும் மாதாந்த வரவு செலவும் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டப்படும். பிரதேச செயலகம், வனவளத் திணைக்களம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் ஆகியவற்றின் எழுத்துமூல அனுமதி கிடைக்கும்வரை வங்கியிலிருந்து ஒரு சதமும் எடுக்கமாட்டோம். இந்த வருடம் அனுமதி கிடைக்காவிட்டால், பற்றுச்சீட்டைக் காட்டித் தந்த தொகையை முழுதாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

கண்டல் மீட்புக் குழுவினர்,
வேலணை