மூடிய ஸ்டோர்களை வாடகைக்கு விடும் முன் மண்ணைச் சோதியுங்கள்

மலையகப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மூடிக்கிடக்கும் தேயிலை ஸ்டோர்களை, அதாவது தோட்டத் தொழிற்சாலைகளை, திருத்தி, தையல், தச்சு, உணவுத் தயாரிப்பு போன்ற சிறுதொழில்களுக்குக் கொடுக்கும் யோசனையை முழுமனதோடு வரவேற்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போகாமல் ஊரிலேயே தொழில் செய்ய இடம் வேண்டும். ஆனால் பெயின்ட் அடித்துச் சாவியைக் கொடுக்கும் முன் அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

முதலில், பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் வைத்துக் கலக்கிய மருந்து அறை. 1946இல் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் வந்த பிறகு செம்பு மருந்து பல ஆண்டுகள் அடிக்கப்பட்டது. 1950களில் தேயிலைக் கிளையைத் துளைக்கும் துளைப்பான் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்து வந்தது. செம்பு மண்ணில் அழிவதே இல்லை. டீல்ட்ரின் அழியப் பல ஆண்டுகள் செல்லும். மருந்து கலக்கிய தொட்டியைக் கழுவிய தண்ணீர் எந்தக் கானில் ஓடியது என்பதைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த வரைபடத்தையும் விட அது பயன்படும்.

மண் எடுப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. பத்து இடத்து மண்ணை ஒரே வாளியில் கலந்து ஒரு பையை அனுப்பினால் செலவு குறையும். ஆனால் நஞ்சு தேங்கிய ஓரிடம் மற்ற ஒன்பதோடு கலந்து மறைந்துபோய், அறிக்கை நல்லதாகவே வரும். அறை வாசல், தொட்டியின் வெளிவாய், கான் போய்ச் சேரும் பள்ளம் என ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும்: மேல் 15 சென்ரிமீற்றர், பிறகு 50 வரை, பிறகு ஒரு மீற்றர் வரை. பூச்சிமருந்துச் சோதனைக்கான மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். பொலித்தீன் பை ஆகாது. ஒப்பிடுவதற்கான மண்ணைத் தேயிலை மலையில் எடுக்காதீர்கள், அங்கும் செம்பு விழுந்திருக்கும். மேலே காட்டோரத்தில் எடுங்கள். உரம் போடுவதற்காகச் செய்யும் வழக்கமான மண் சோதனை இதற்கு உதவாது. அது அமிலத்தன்மையும் சத்தும் சொல்லும், டீல்ட்ரினைச் சொல்லாது.

மண்ணின் புளிப்பைக் குறைக்கும் கல் தூளான "டொலமைட் போட்டால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். நமது மண் புளிப்பானது என்பதால் செம்பைக் கட்டிப்போட அது உதவும். ஆனால் பழைய களைக்கொல்லிகள் சிலவற்றில் ஆர்செனிக் இருந்தது. மண்ணின் புளிப்புக் குறைந்தால் ஆர்செனிக் இன்னும் எளிதாக நீரில் இறங்கும். அறிக்கை வரும் முன் எதையும் கொட்டக் கூடாது.

மண்ணை வெட்டி எடுப்பதும் இலேசான வேலையல்ல. பத்துக்குப் பத்து மீற்றர் இடத்தை அரை மீற்றர் ஆழம் வெட்டினால் 50 கன மீற்றர். வெட்டிய மண் கால்பங்கு உப்பும். ஏறக்குறைய 22 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). மூன்று கியூப் ஏற்றும் டிப்பரில் ஏழெட்டு லோட். அதை ஆற்றோரத்தில் கொட்ட முடியாது. ஆபத்தான கழிவென்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் உள்ளவரே ஏற்றிச் செல்ல வேண்டும். அதனால் மிக மோசமான பகுதியை மட்டும் அகற்றி, மீதியை மண்ணைப் பிரித்துவைக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து கொங்கிறீற்றால் மூடுவதே நடைமுறைக்கு ஏற்றது. மேல்புறத்தில் ஒரு கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பாவிட்டால் மூடியும் பயனில்லை, கீழே லயத்து மக்கள் தண்ணீர் எடுக்கும் பீலிக்கு நஞ்சு வந்து சேரும். வெட்டும் வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காலத்தில் முடியுங்கள். சரிவின் அடியில் தோண்டும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி தேவை.

மண்ணோடு ஸ்டோரில் உள்ள பழைய பொருட்களையும் கவனியுங்கள். டீசல் தாங்கியை வெறுமையாக்கினால் போதாது, உள்ளே தங்கிய ஆவி வெல்டிங் பொறியில் வெடிக்கும். வாயு அளந்த பிறகே வெட்ட வேண்டும். பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெயில் பீசீபி (PCB) என்ற நச்சு இரசாயனம் கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று பார்க்காமல் விற்கக் கூடாது. அஸ்பெஸ்டஸ் கூரையில் பாசி பிடித்திருந்தால் பிரஷர் வாஷர் பிடிக்க வேண்டாம், நார் பறக்கும். சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, ஆணியைக் கழற்றி, தகட்டை உடைக்காமல் இறக்கி, இரட்டைப் பொலித்தீனில் சுற்ற வேண்டும். துணி முகக்கவசம் இந்தத் தூசியைத் தடுக்காது.

இடம் பிரிக்கும்போது உணவுத் தயாரிப்பை மருந்து அறைப் பக்கம் வைக்காதீர்கள். கராஜ் கொடுத்தால் எண்ணெய் பிரிக்கும் குழி கட்டாயம். இல்லாவிட்டால் சுத்தம் செய்த மண் மறுபடியும் கெடும்.

இன்னொன்று, பணம். பெரும்பாலான தோட்டங்களில் காணி அரசினுடையது, குத்தகை கம்பனியுடையது. பிரதேச சபைச் சட்டத்தின் 2018 திருத்தத்திற்குப் பிறகு தோட்டத்திற்குள் வேலை செய்யச் சபைகளுக்கு வழி இருக்கிறது. சுத்திகரிப்புச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால், கடைசியில் அது இரண்டு தையல் மெஷின் வாங்கக் கடன்பட்ட பெண்ணின் தலையில் விழும். அது நடக்கக் கூடாது.

அடுத்த சபைக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்: மண் அறிக்கை இல்லாமல் எந்த ஸ்டோரும் வாடகைக்கு இல்லை, அந்த அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் வாசலில் ஒட்டப்படும். மண் எடுக்கும் நாளில் கூட வந்து இடம் காட்ட நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மண் ஆய்வு, கட்டட வேலைகளில் உள்ள சிலர்
ஹட்டன்