பிளவு தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால்

அன்புள்ள கண்ணம்மா,

உனக்கு வேலை மும்முரம் என்று தெரியும், அதனால் நீ பேசாததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அங்கே நிலநடுக்கம் வந்ததும் நீ அனுப்பிய ஒற்றை வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்: "லேசாத்தான் ஆடிச்சு, பிளவு ரொம்ப தூரம்மா."

நிலநடுக்கம் கிளம்பும் அந்தப் பாறைப் பிளவு தூரத்தில் இருப்பது காப்பாற்றும், சரி. எல்லா அலையிலிருந்தும் காப்பாற்றாது. அலை ஒவ்வொரு முறை ஆடும்போதும் மேலோட்டுப் பாறை அதன் ஆற்றலில் கொஞ்சத்தை வெப்பமாக்கிவிடுகிறது. விரிசல்களில் பட்டுச் சிதறுவது வேறு. ஒரே தூரத்தைக் கடப்பதற்குள் வேகமான அதிர்வு பல மடங்கு ஆட வேண்டியிருப்பதால் முதலில் அடங்குவது அதுதான். பாறை அலையின் ஆற்றலை எவ்வளவு குறைவாக விழுங்குகிறது என்று காட்டுவது கியூ எண்; அது கூடினால் இழப்பு குறையும். அந்தக் கியூ 200, அலையின் வேகம் நொடிக்கு 3.5 கிலோமீட்டர் என்று வைத்துப் போட்டுப் பார். 100 கிலோமீட்டர் போனதும் நொடிக்கு ஒருமுறை ஆடும் அலையின் வீச்சில் 64 சதவீதம் மிஞ்சும். பத்து முறை ஆடுவதில் 1 சதவீதம்தான். அதிர்வெண் ஏற ஏற கியூவும் ஏறுவதால் நிஜத்தில் இடைவெளி கொஞ்சம் குறையும். ஆனாலும் தூரம் போய்ச் சேருவது மெதுவான அலைதான்.

தாழ்ந்த வீட்டை உலுக்குவது வேகமான அதிர்வு. உன்னுடையது 14 மாடி, அதை ஆட்டுவது மெதுவான அலை. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் சுமார் 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையோரம். நகரத்தின் பழைய ஏரிக் களிமண் ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒருமுறை ஆடும் அலைகளைப் பெருக்கியது. 6 முதல் 15 மாடிக் கட்டடங்கள்தான் அதிகம் அடிவாங்கின. அதே மண்ணில் நின்ற சின்ன வீடுகள் பெரும்பாலும் தப்பின.

சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு வாங்கியவள் நீ. சித்தியிடம்கூடச் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். ஆனால் வாங்குமுன் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டாயா? ஜன்னலையும் வெளிச்சத்தையும் பற்றி அத்தனை சொன்னாய், அடியில் பாறையா களிமண்ணா என்று ஒரு வார்த்தை இல்லை. உன் அண்ணனானால் கேட்டிருப்பான். இல்லை, அவனும் கேட்டிருக்க மாட்டான்.

அப்பாதான் ராத்திரியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நான் தூங்கிவிடுகிறேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெரிய அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகச் சொல். மேல் மாடியில் ஆட்டம் அதிகம், கட்டிலுக்கு நேர் மேலே எதையும் மாட்டாதே. மண் அறிக்கையைக் கட்டியவரிடம் எழுத்தில் கேள். தட்டிக்கழித்தால் திரும்பவும் கேள். கிடைத்ததும் எனக்கு அனுப்பு, நானே படித்துச் சொல்கிறேன்.

அம்மா