பதினாறு வரி நிபந்தனை: கவிதைப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களில் மாணவர்களுக்குக் கவிதைப் போட்டி நடத்திவரும் விழாக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் வட்டாரத்துப் போட்டி ஒன்றுக்கு என் பேத்தி இரண்டடி எழுதிக் கொடுத்தாள்.

முற்றத்தில் பெய்த மழையெல்லாம் வீட்டுக்குள்
சுற்றத்தைச் சேர்க்கும் விருந்து

“குறைந்தது பதினாறு வரி வேண்டும்” என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அவள் எழுதியது குறள் வெண்பா, அதாவது திருக்குறளின் ஈரடி வடிவம். முதலடியில் நான்கு சீர் (அடியைப் பகுக்கும் ஓசைக் கூறு), அடுத்ததில் மூன்று. சீருக்குள் இருக்கும் ஒலித்துண்டு அசை; குறிலோ நெடிலோ தனித்து நின்றால் நேர், குறிலோடு இன்னோர் உயிரோசை இணைந்தால் நிரை. நேரில் முடியும் ஈரசைச் சீரான மாச்சீரை அடுத்து நிரையும், நேரில் முடியும் மூவசைச் சீரான காய்ச்சீரை அடுத்து நேரும் வந்து, சீரோடு சீர் இணையும் தளை தட்டாமல் ஓடுகிறது. ஈற்றுச்சீர், வெண்பா முடிய வேண்டிய குறுகிய அளவுகளில் ஒன்றான ‘பிறப்பு’ என்னும் வாய்பாட்டில் நிற்கிறது. ‘விருந்து’ என்பதை ‘விருந்தாகும்’ என்று நீட்டினால் பொருள் கெடாது, வெண்பா கெட்டுவிடும். அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது.

உங்கள் கணக்குப்படி 1330 குறளும் தள்ளுபடிதான். நம் மகிபாலன்பட்டியைத் தம் ஊராகக் கொண்டவர் என நாம் பெருமை பேசும் கணியன் பூங்குன்றனாரின் ‘யாதும் ஊரே’ பாட்டும் 13 அடியே ஆதலால் அதுவும் தேறாது. அது ஆசிரியப்பா, பேச்சுக்கு நெருங்கிய அகவலோசையில் நாற்சீரடிகளாக நடந்து, ஈற்றுக்கு முந்தைய அடியில் மட்டும் ‘பெரியோரை வியத்தலும் இலமே’ என்று மூன்று சீராகக் குறுகி, பிறகு நிறைகிறது. அந்தக் குறுக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் காதில் விழும். மற்ற மரபுப் பாவகைகளான கலிப்பாவையும் வஞ்சிப்பாவையும் இன்று எழுதுவோர் அரிது என்பதால் அவற்றை வற்புறுத்த மாட்டேன். விருத்தம் அப்படியன்று, 1939 முதல் கம்பனுக்கு விழா எடுக்கும் காரைக்குடியில், அடிதோறும் சீர் எண்ணிக்கை ஒத்துவரும் அந்த நான்கடி வடிவத்தைப் பிள்ளைகள் கேட்டே வளர்கிறார்கள்.

புதுக்கவிதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. யாப்பை, அதாவது மரபான செய்யுள் இலக்கணத்தை, விட்டு எழுதும்போது எங்கே அடியை முறிப்பது என்பதை எழுதுபவரே முடிவு செய்ய வேண்டியிருப்பதால் அது வேறு வகையான உழைப்பு. ஜப்பானிலிருந்து வந்த ஹைக்கூவோ மூன்றே வரி. ஆச்சிமார் தொட்டிலருகே தாமே சொல் சேர்த்துப் பாடும் தாலாட்டை எந்தப் பிரிவில் வைப்பீர்கள் என்பதையும் யோசியுங்கள். தனிப் பிரிவே தரலாம் என்பேன்.

ஆகவே அடுத்த அறிவிப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் வரிக்கணக்கை எடுத்துவிட்டு, வெண்பா, ஆசிரியப்பா, விருத்தம், புதுக்கவிதை, ஹைக்கூ எனப் பிரிவுகளின் பெயரைப் போடுங்கள். மரபுப் பிரிவுக்கு அலகிட, அதாவது பாட்டை அசையும் சீருமாகப் பிரித்துப் பார்க்க, தெரிந்த ஒருவரையாவது நடுவராக அமர்த்துங்கள். பேத்தி அந்தத் தாளைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
காரைக்குடி வட்டாரம்