புஷ்பக் விமானமும் கூடுதல் 10 மைல் வேகமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு பழைய சிறு விமானங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வியாசர்பாடிப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள், இருவருக்கும் பைலட் ஆக ஆசை. தரையிறங்கும்போது வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டால் பத்திரம் என்று அதில் ஒரு வரி. அது தப்பு.

நான் பறக்கக் கற்றது புஷ்பக்கில். 1958-ல் முதலில் பறந்த நம் நாட்டு எச்.ஏ.எல். தயாரிப்பு, துணி போர்த்திய இறக்கை, 90 குதிரைத்திறன் என்ஜின், மூக்கில் சக்கரம் இல்லாமல் வாலில் சின்னதாக ஒன்று. இறக்கையின் தூக்குவிசை கைவிடும் வேகத்தை ஸ்டால் என்பார்கள், அதைப்போல 1.3 மடங்கில் இறங்கி வர வேண்டும். ஸ்டால் மணிக்கு 40 மைல் என்றால் 52. காற்று விட்டுவிட்டு வீசினால், அந்த ஏற்ற இறக்கத்தில் பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தனியாகப் பறக்கும்போது எடை குறைவதால் ஸ்டால் வேகமும் குறையும், இரண்டு பேரோடு வந்த அதே வேகம் அப்போது அதிகம்.

தனியாகப் பறக்க ஆரம்பித்த நாட்களில் பயத்தில் 10 மைல் கூட்டியே வந்தேன். ஓடுதளத்துக்கு மேல் விமானம் உட்காராமல் மிதந்துகொண்டே போக, பொறுமை இழந்து மூக்கைக் கீழே தள்ளினேன். சக்கரம் தட்டியதும் ஆளுயரத்துக்கு மேல் எழும்பிவிட்டது. பந்து குதிப்பதுபோல ரப்பர் டயர்தான் தூக்கிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் வேறு. வாலில் சக்கரம் உள்ள இந்த வகையில் எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் சக்கரம் தட்டியவுடன் வால் கீழே போகும், மூக்கு மேலே வரும், கையில் வேகமும் மிச்சம் இருப்பதால் இறக்கை மறுபடி பறக்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் மூக்கைத் திரும்பத் தள்ளினால் அடுத்த குதிப்பு இன்னும் மோசம். என்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுதும் கொடுத்து மேலே போய் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும், நான் அன்று அப்படித்தான் தப்பித்தேன்.

சரி, உயரம் மிஞ்சிவிட்டால்? மூக்கைக் குத்தினால் வேகம் ஏறிவிடும். ஒரு இறக்கையைச் சாய்த்து மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடரை எதிர்ப்பக்கம் மிதித்தால், விமானம் பக்கவாட்டில் சறுக்கும், அதுதான் சைடு ஸ்லிப், அதில் வேகம் ஏறாமலே உயரம் குறையும்.

வேகம் குறைந்தாலும் ஆபத்துதான், அதிலும் கடைசித் திருப்பத்தில் சாய்வு கூடக்கூட ஸ்டால் வேகமும் கூடும். அதனால்தான் அந்த 1.3. அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள், பிள்ளைகள் அந்தக் கட்டுரையை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு பழைய வாசகர்,
பெரம்பூர், சென்னை