பச்சைக் கட்டம் யாருடைய கணக்கு?

மதிப்பிற்குரிய மத்திய சுகாதார அமைச்சகத்துக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்கும் (ஐசிஎம்ஆர்),

வணக்கம். எச்சில் மாதிரியை வாங்கிக்கொண்டு, எந்த நோய் வரும், எது வராது என்று மரபணு ஆபத்து மதிப்பெண் போட்டுத் தரும் வியாபாரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் மூட்டுகளை வீங்கவைத்து அரிக்கும் முடக்குவாதத்துக்கும் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) ஒரு கட்டம் உண்டு. என் அக்காவின் அறிக்கையில் அது பச்சை நிறத்தில், "ஆபத்து குறைவு" என்று இருந்தது.

அப்புறம் சில மாதங்களில், காலையில் எழுந்தால் அக்காவுக்கு விரல்கள் மடங்கவில்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். ஜாக்கெட் ஊக்கு மாட்ட மகளைக் கூப்பிட்டாள். பார்த்த மருத்துவர் அந்த அறிக்கையைப் புரட்டிவிட்டு, வாதமாக இருக்காது என்று வலி மாத்திரை எழுதினார். மாதக்கணக்கில் அதுதான் வைத்தியம். கடைசியில் ஒரு மூட்டுவாத நிபுணர் ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்ன பிறகுதான் முடக்குவாதம் என்று உறுதியானது. இந்த நோயைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை முதல் சில மாதங்களுக்குள் தொடங்குவது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். அரித்துப்போன மூட்டு பழையபடி ஆகாது.

இந்த மதிப்பெண்களுக்கு அடிப்படையான மரபணு ஆய்வுகளில், 2019 கணக்குப்படி, பங்கேற்றவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துப் போட்ட கணக்கு நம்மிடம் அதே துல்லியத்தோடு பொருந்தாது. மரபணு மட்டுமே தீர்மானிக்கும் நோயும் இல்லை இது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால்கூட, மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை.

நான் முதலில் கேட்பது இதுதான். மதிப்பெண் எந்த மக்களிடம் சோதிக்கப்பட்டது, இந்தியர்களிடம் எவ்வளவு சரியாக இருந்தது என்பதை முதல் பக்கத்தில் சொல்லாத எந்த அறிக்கையையும் விற்க விடாதீர்கள்.

ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் மரபணுத் தொகுதியை அரசே வாசித்து வைத்திருக்கிறது. அதனால் நம் மக்களின் மரபணு வேறுபாடு உங்களுக்குத் தெரியாது என்று யாரும் நம்பப்போவதில்லை. சின்ன ஊர்களில் மூட்டுவாத நிபுணரைப் பார்ப்பதே பெரும்பாடு. ஆனால் எச்சில் குப்பி கூரியரில் வீடு தேடி வருகிறது. நிபுணருக்கு முன்னால் குப்பி வந்து நிற்கும் இந்த வரிசையை யார் அனுமதித்தது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை மாறவில்லை: யாரிடம் சோதித்தது என்று சொல்லாத மதிப்பெண் விற்பனைக்கு வரக்கூடாது. "மூட்டு வீங்கினால் இந்த அறிக்கையை நம்பிக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்" என்ற வரியையும் பச்சைக் கட்டத்துக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் போட வையுங்கள். தயவுசெய்து இந்த ஆண்டே செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தம்பி