நீலகிரி குழந்தை மருத்துவர்களுக்கு, கோத்தகிரியிலிருந்து

வணக்கம்.

என் அக்கா மகனுக்குப் பிறந்த மூன்றாம் நாளிலிருந்தே தண்ணீராகப் போனது. டயப்பர் நனைந்ததை எல்லாம் மூத்திரம் என்றே நினைத்துவிட்டோம். எடை இறங்கிய பிறகுதான் பயம் வந்தது. ஊரில் சீர் தட்டியிருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பால்புட்டியைச் சரியாகக் கழுவவில்லை என்றார்கள். அக்கா தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்தாள். வீட்டில் புட்டியே கிடையாது. ஓ.ஆர்.எஸ். கொடுக்கக் கொடுக்கப் போக்கு அதிகமானது. ஏழு வாரம் கழித்துக் கீழே கோவையில்தான் நோயின் பெயர் தெரிந்தது: குளுக்கோஸ்-காலக்டோஸ் உறிஞ்சாமை.

குளுக்கோஸையும் காலக்டோஸையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும் புரதம் அவனுக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. பாலில் உள்ள லாக்டோஸ் உடைந்தால் வருவது இந்த இரண்டும்தான். ஓ.ஆர்.எஸ்ஸில் இருப்பதும் குளுக்கோஸ். இரண்டும் இல்லாத, ஃபிரக்டோஸ் சேர்த்த பால்மாவுக்கு மாற்றியதும் சில நாளில் நின்றுவிட்டது. ஏழு வாரம் அழுத குழந்தை அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினான்.

ஓ.ஆர்.எஸ்ஸை நான் குறை சொல்லவில்லை. சாதாரண வயிற்றுப்போக்கில் அதுதான் உயிர் காக்கிறது, யாரும் அதை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் பிறந்த சில நாளில் தொடங்கி இரண்டு வாரம் தாண்டியும் நிற்காத போக்கைத் தொற்று என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

சொந்தத்தில் கட்டியவர்களா என்று கேளுங்கள். அக்கா கட்டியது எங்கள் தாய்மாமனை. ஏழு வாரத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. இருவரிடமும் பழுதான அதே மரபணு ஒன்று இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். தாயைக் குற்றவாளியாக்காமல் கேளுங்கள், போதும்.

அப்புறம், புதிதாகப் போன மலத்தின் நீரில் பெனடிக்ட் கரைசல் விட்டுச் சூடாக்கினால் உறிஞ்சப்படாத சர்க்கரை நிறம் காட்டும். பெரிய கருவி வேண்டியதில்லை. வார்டில் டிரிப் ஏற்றிப் பாலை நிறுத்திப் பார்த்தால் போக்கு நிற்கிறதா, தொடர்கிறதா என்பதும் தெரியும். பால் நிறுத்தியும் தொடர்ந்தால் காரணம் வேறு. அப்போது கர்ப்பகால ஸ்கேனில் பனிக்குட நீர் அதிகம் என்று இருந்ததா பாருங்கள். குடல் குளோரைடை உறிஞ்சாத பிறவிக் குளோரைடு வயிற்றுப்போக்கில் அப்படி இருக்கும். வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் தோல் புண்ணாகியிருந்தால் துத்தநாகக் குறையையும் நினையுங்கள். அதற்குத் துத்தநாக மருந்தே போதும்.

பந்தலூர் எஸ்டேட்டில் இருக்கும் ஒரு தாய்க்குக் கோவை போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்றால் அவள் வராமலே போகலாம். சந்தேகம் வந்த அன்றே, பார்த்ததையெல்லாம் எழுதிக் கையில் கொடுத்து, வண்டி ஏற்பாடு செய்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு சித்தி