எண்ணெய் விடும் முன் காது கொடுங்கள்

ஆசிரியருக்கு,

மேசைக் கணினியில் சத்தம் கேட்டால் ஃபேனில் தூசியைத் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லித் தங்கள் கேள்வி-பதில் பகுதியில் யோசனை வந்திருந்தது. தூசி தட்டுவதில் தவறில்லை. ஆனால் சத்தம் கோப்புகளைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து வந்தால், ஃபேனைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் கோப்புகள் கைவிட்டுப் போய்விடும். கேபினட்டைத் திறக்கும் முன்பே ஹார்டு டிஸ்க்கா இல்லையா என்று முடிவு செய்தாக வேண்டும்.

ஃபேன் சத்தம் விடாமல் ஒரே சீராக வரும். ஹார்டு டிஸ்க் விட்டுவிட்டு 'டக்... டக்...' என்று அடிக்கும்; அந்த நேரத்தில் திரையும் உறைந்து நிற்கும். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டில் இருக்கும் குறியை, தரவைப் படிக்கும் தலைப்பகுதி படிக்க முடியாமல், திரும்பத் திரும்பப் பின்வாங்கி முயல்வதால் வரும் ஓசை அது. கோப்புகளை நகலெடுக்கும்போது மெல்லிதாகக் கேட்கும் 'கரகர' இயல்பானது, பயப்பட வேண்டாம். எஸ்எஸ்டி (சில்லுகளில் கோப்புகளைச் சேமிப்பது) மட்டும் உள்ள கணினியில் சுழலும் தட்டே இல்லை, இந்தக் கவலையும் இல்லை.

சந்தேகம் இருந்தால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் ஸ்மார்ட் பட்டியலை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு) பாருங்கள். கெட்டுப்போன பகுதிகளைக் காட்டும் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு (சில மென்பொருளில் 05, C5, C6) நேரே மூல மதிப்பு பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் டிஸ்க் தேய்கிறது. பூஜ்ஜியமாகவே இருந்தாலும் 'டக்' சத்தம் தொடர்ந்தால் நம்ப வேண்டியது காதைத்தான். மறுபடி கிடைக்காத படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அதற்குள் செக்டிஸ்க் (பிழை தேடுவது), டிஃப்ராக் (கோப்புகளை அடுக்குவது) எதையும் ஓட்டாதீர்கள். அவை டிஸ்க் முழுவதையும் துழாவி, இருக்கும் உயிரையும் வாங்கிவிடும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்ற பழைய வைத்தியம் வேண்டவே வேண்டாம். உள்ளே ஈரம் படியும்.

சத்தம் டிஸ்க்கிலிருந்து வரவில்லையென்று தெரிந்தபின் ஃபேன்களுக்கு வரலாம். காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபேன் அருகிலும் கொண்டுபோனால் எது என்று பெரும்பாலும் பிடிபடும். சந்தேகம் தீராவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, கேபினட் ஃபேன்களின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி இயக்கிப் பாருங்கள். பிராசஸர் ஃபேனை மட்டும் கழற்றி இயக்கக் கூடாது. 'சடசட' என்றால் ஏதோ ஒரு வயர் இறக்கையில் உரசுகிறது. டேக் போட்டுக் கட்டினால் தீர்ந்தது. இயக்கியதும் 'கிர்ர்' என்று தொடங்கி, சூடானதும் அடங்கினால் பேரிங்கில் மசகு வறண்டுவிட்டது. கைக்குக் கிடைத்த எண்ணெயை விட்டால் சில நாள் அமைதி கிடைக்கும். பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகும். அதே அளவில் (80, 92, 120, 140 மி.மீ. என்று வரும்), இணைப்பில் அதே எண்ணிக்கை ஊசிகள் (பின்) உள்ள புதிய ஃபேன் போடுவதே சரி. புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெடும்.

உரசல் இல்லாமல் வெறும் இரைச்சல் மட்டும் கூடினால் ஃபேன் மேல் பழி போடாதீர்கள். பிராசஸர் சும்மா இருப்பதாக டாஸ்க் மேனேஜர் காட்டியும் வெப்பம் ஏறுகிறதென்றால் ஹீட்சிங்க் (பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) அடைத்திருக்கும், அல்லது இரண்டுக்கும் இடையே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும்.

விளையாட்டு ஓடும்போது மட்டும் 'கீ...' என்று கூர்மையாகக் கேட்பது கிராபிக்ஸ் கார்டில் உள்ள கம்பிச்சுருள் அதிர்வது. ஆபத்தில்லை, விநாடிக்கு வரும் காட்சிகளின் (ஃபிரேம்) எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் குறையும்.

பவர் கார்டு செருகும், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் சத்தம் என்றால் திருப்புளியை எடுக்காதீர்கள். பவர் கார்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும், மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ஃபேன் மட்டும்தான் கெட்டிருக்கிறது என்று தெரிந்தாலும் பெட்டியை முழுதாக மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்பாளர் ஒருவர்